விளக்கேற்றிய விஞ்ஞானி

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள கோயில்களில் ஒரு புதிய கூட்டம் சேர்வதைக் காணலாம். மற்றைய நாட்களில் வாயிலைக் கடக்கும்போது நெற்றியைத் தொட்டுக்கொண்டு விரைந்து செல்லும் இளைஞர்கள், அந்நாட்களில் உள்ளே வந்து நின்று கண்களை மூடுவார்கள். கையிலே அர்ச்சனைத் தட்டு; தோளிலே புத்தகப் பை; உதட்டிலே பாதி தோத்திரமும் பாதி இரசாயனச் சமன்பாடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு இக்காட்சி பழகிய ஒன்று. இதைக் கண்டு எள்ளி நகையாடியதும் உண்டு. இதைக் கண்டு உள்ளம் கசிந்ததும் உண்டு.

சென்ற ஆண்டு ஒரு மாணவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். விடைத்தாளைக் கையளித்துவிட்டு வந்த பின்னர் செய்யும் வழிபாட்டினால் அத்தாளில் உள்ள ஓர் எழுத்தேனும் மாறுமா என்பது அவள் கேள்வி. அவள் விஞ்ஞானம் பயில்பவள். கேள்வியில் குறும்பு இல்லை. ஒரு வகைத் துயரமே இருந்தது. மாறாது என்று சொன்னால், பின் வழிபாடு எதற்கு என்பாள். மாறும் என்று சொன்னால், என் அறிவுக்கே நான் துரோகம் செய்தவனாவேன். ஆகவே விடை கூறாமல், ஒருவருடைய வாழ்க்கையை அவளுக்குச் சொன்னேன். அதே வாழ்க்கையை இங்கே எழுதுகின்றேன். இவ்வாழ்க்கை முன்னொரு காலத்தில் என்னையும் ஓர் இருளினின்று மீட்டது. அக்கடனைத் தீர்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்று.

அணைந்த விளக்கு

நான் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் படிக்க வந்தது 1970களின் நடுப்பகுதியில். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுக்குத் தெருவில், கத்தோலிக்க மூதாட்டி ஒருவரின் வீட்டு முன்னறை எனக்கு வாடகைக்குக் கிடைத்தது. ஆச்சி என்றே அவரை அழைத்தேன். அவரும் என்னைத் தம்பி என்றே அழைத்தார். என் அன்னையார் புறப்படும்போது ஒரு சிறு பித்தளை விளக்கைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். நாள்தோறும் மாலையில் அதை ஏற்றிவிட்டுப் படிக்க அமர்வது என் வழக்கமாயிற்று.

முதலாண்டுப் பரீட்சையில் நான் தவறினேன். தவறிய பாடம் இரசாயனம். ஊரிலே அன்னையார் தம் காப்புகளை அடகு வைத்துப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். கண்ணகையம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தார். பெறுபேறு வந்த அன்று மாலை நான் விளக்கை ஏற்றவில்லை. மறுநாளும் ஏற்றவில்லை. கடவுள் கணக்கில் நான் செலுத்தியது யாவும் வீணாயிற்று என்று எண்ணினேன். எண்ணெய் படிந்த அவ்விளக்கு மேசையின் மூலையிற் கிடந்து களிம்பேறியது.

சில கிழமைகள் கழிந்து ஒரு நாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, அவ்விளக்கு புளியிட்டுத் துலக்கப்பட்டு மேசை நடுவே இருந்தது. ஆச்சி அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. தம் அறையிலே மாதாவின் படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றி, செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். துலக்கிய விளக்கில் எண்ணெய் வார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதை மீண்டும் மூலைக்குத் தள்ளவும் மனம் வரவில்லை. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, எங்கே போவதென்று தெரியாமல் நடந்தவன், கொழும்பு 13இல் உள்ள விவேகானந்த மேட்டுக்குச் சென்றேன். 1902ஆம் ஆண்டிலே தோன்றிய விவேகானந்த சபையின் இருப்பிடம் அது. அங்கே நடந்த சொற்பொழிவில்தான், எங்கள் ஊர்ப்பக்கத்தவராகிய விபுலானந்த அடிகளார் ஓர் இரசாயன ஆசிரியர் என்ற செய்தியை முதன்முதலாகக் கேட்டேன். துறவி என்று அறிந்திருந்தேன். யாழ் நூலின் ஆசிரியர் என்றும் அறிந்திருந்தேன். நான் தவறிய பாடத்தைக் கற்பித்தவர் என்பதை அன்றுவரை அறியேன்.

கண்ணகை ஊர்ச் சிறுவன்

அடிகளார் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கிழக்கிலங்கையின் கடலோரக் கிராமமாகிய காரைதீவிலே பிறந்தார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பிள்ளைக்கு இட்ட பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகையம்மன் வழிபாட்டால் பேர்பெற்ற ஊர். வைகாசித் திங்களிலே குளிர்த்திச் சடங்கு நிகழும்போது, கண்ணகி வழக்குரைத்த கதை அப்பகுதிக் கோயில்களில் இசையோடு படிக்கப்பெறும். ஏட்டிலே சிலப்பதிகாரத்தைக் காண்பதற்கு முன்பே காதினால் அக்காப்பியத்தின் நாயகியை அறிந்துவிடும் பேறு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு உண்டு. பிற்காலத்தில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத் துருவி ஆராய்ந்து தமிழிசையின் இலக்கணத்தை மீட்டவர் இந்த ஊரிலே தோன்றியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் கற்ற பள்ளிகளோ கிறித்தவப் பள்ளிகள். கல்முனையில் மெதடிஸ்தப் பள்ளியிலும், பின்னர் மட்டக்களப்பில் இயேசு சபைக் குருமார் நடத்திய அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் 16ஆம் வயதிலேயே தேறினார். கணிதத்திலே அவருக்கு இருந்த நாட்டத்தை வளர்த்தவர்கள் அக்குருமாரே. சைவக் குடியிற் பிறந்த சிறுவன் ஒருவனின் அறிவை வேற்றுச் சமயத்தார் பேணி வளர்த்தனர். அச்சிறுவனும் தன் சமயத்தை இழக்காமலும், அவர் சமயத்தை இகழாமலும் வளர்ந்தான். என் விளக்கைப் புளியிட்டுத் துலக்கிய கத்தோலிக்க ஆச்சியை நினைக்கும்போதெல்லாம் அர்ச். மிக்கேல் கல்லூரியும் என் நினைவுக்கு வரும்.

கொழும்பு மாணவர்

1911ஆம் ஆண்டில் மயில்வாகனனார் கொழும்புக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலே பயின்று 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியராக வெளியேறினார். ஊர் சென்று கற்பித்தார். கற்பித்தவர் மீண்டும் மாணவராக இந்நகருக்குத் திரும்பினார். தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து, 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பட்டம் பெற்றார்.

அதே 1916ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார் என்பதை மாணவர்கள் நின்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். இலங்கையிலிருந்து அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே என்பர். பகலிலே அமிலமும் காரமும். இரவிலே தொல்காப்பியமும் சங்க நூல்களும். இரண்டும் ஒரே தலையினுள்ளே ஒன்றையொன்று தள்ளாமல் இடம் பெற்றன. தமிழ் படித்தால் விஞ்ஞானம் கெடும், விஞ்ஞானம் படித்தால் பக்தி கெடும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்லப்படுகின்ற பேச்சுக்கு, நூறாண்டுகளுக்கு முன்னரே இந்நகரிலே ஓர் இளைஞர் தம் வாழ்க்கையால் மறுமொழி கூறிவிட்டார்.

1917இல் யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியில் இரசாயன ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமையாசிரியர் பொறுப்பை ஏற்றார். பட்டமும் பதவியும் மதிப்பும் முப்பது வயது நிரம்புமுன் வந்து குவிந்தன. பெற்றோர் தம் பிள்ளைக்கு வேண்டி நிற்கும் வரங்கள் யாவும் இவையே அல்லவா? வேறொருவராயின் இத்தோடு வாழ்க்கை வரலாறு நிறைவெய்தியிருக்கும்.

மீண்டும் ஒரு மாணவர்

சுவாமி விவேகானந்தர் மேனாட்டிலிருந்து திரும்பும் வழியில், 1897ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் கொழும்பிலே கரையிறங்கினார். நகரத்துத் தமிழ்ப் பெருமக்கள் திரண்டு வரவேற்றனர். காரைதீவிலே மயில்வாகனனுக்கு அப்போது ஐந்து வயதும் நிறையவில்லை. அன்று இத்தீவில் விழுந்த வித்து அச்சிறுவனின் உள்ளத்தில் முளைப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

1922இல் அவர் தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூரில் உள்ள இராமகிருஷ்ண மடத்திலே பிரமசாரியாகச் சேர்ந்தார். அங்கே பிரபோத சைதன்யர் என்னும் பெயரைப் பெற்றார். நூற்றுக்கணக்கான மாணவருக்குத் தலைவராய் இருந்தவர், ஒரு மடத்தின் இளைய மாணவராய் அடங்கி நின்றார். மடத்தின் இதழ்களாகிய இராமகிருஷ்ண விஜயத்திலும் வேதாந்த கேசரியிலும் பணிபுரிந்தார். 1924இல் சித்திரைப் பௌர்ணமி நாளில், பரமஹம்சரின் நேர்ச்சீடராகிய சுவாமி சிவானந்தர் அவருக்குத் துறவு அளித்தார். அன்று முதல் அவர் சுவாமி விபுலானந்தர்.

இவ்விடத்தை வாசித்தபோது நான் வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன் நூலகத்தில் இருந்தேன். விவேகானந்த மேட்டிலே கேட்ட சொற்பொழிவின் பின், ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி அங்கே போகத் தொடங்கியிருந்தேன். காலி வீதியில் இறங்கிக் கடலை நோக்கி நடந்தால் அவ்வாச்சிரமம். மாலையில் ஆரதி தொடங்கும். கரையோரப் புகையிரதம் ஒன்று கடந்து செல்லும். அதன் ஓசை அடங்கியதும் பாடல் மீண்டும் செவிப்படும். அங்கேயும் நான் கும்பிட்டேன் அல்லேன். பின்வரிசையில் கைகட்டி நின்றேன். ஆனால் ஓர் எண்ணம் என்னை விடாது பற்றியது. பரீட்சையில் தவறியதால் நான் கடவுளை விட்டேன். எல்லாப் பரீட்சையிலும் தேறிய பின்னர் இவரோ பதவியை விட்டார். அப்படியானால் அவர் தேடிய கடவுள் பரீட்சைக்கு அப்பாற்பட்டவராகவன்றோ இருத்தல் வேண்டும்? நான் தேடியவர் யார்? பெறுபேறு வழங்கும் ஓர் அதிகாரியைத்தானே!

ஓட்டைக் குடிசையிலே வழிபாடு

துறவியாகத் திரும்பிய அடிகளார் குகையை நாடவில்லை, பள்ளிக்கூடங்களை நாடினார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலும், திருகோணமலையிலும், மட்டக்களப்பிலும் இராமகிருஷ்ண மிஷனின் பள்ளிகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். 1929இல் கல்லடி உப்போடையிலே தம் குருநாதர் பெயரால் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். காரைதீவிலே பெண் பிள்ளைகளுக்குச் சாரதா வித்தியாலயம் எழுந்தது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லங்கள் அமைந்தன. யாழ்ப்பாணத்து மாணவர் மாநாட்டோடு அவர் நெருங்கிய தொடர்பு பூண்டிருந்தார். சாதி ஏற்றத்தாழ்வை ஒழிப்பதும் தாய்மொழிக் கல்வியை உயர்த்துவதும் அம்மாநாட்டின் குறிக்கோள்களாய் இருந்தன. காவியுடுத்தவர் மாணவரின் அரசியல் விழிப்புக்கு அஞ்சி ஒதுங்கவில்லை.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1933 வரை அங்கே பணியாற்றினார். பல்கலைக்கழகத்தின் அருகே திருவேட்களம் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஒதுக்கப்பட்ட மக்கள் வாழும் சேரியிலே, மாலை வேளைகளில் அடிகளார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பகலில் பல்கலைக்கழக மண்டபத்திலே தமிழின் உச்சியைக் காட்டிய பேராசிரியர், பொழுது சாய்ந்ததும் சேரிக் குடிசையிலே அகரத்தைத் தொடங்கினார். சமயம் என்பது கல்லூரி மாணவரின் நாள்வாழ்வில் எங்கே இடம்பெறும் என்று கேட்பார் உளர். அடிகளாரின் நாட்குறிப்பில் அது மாலை நேரத்துக்குரிய வேலை. நடந்து சென்று செய்யும் வேலை.

அவர் பாடிய செய்யுள்களுள் நம் பிள்ளைகள் பள்ளியிற் பாடக் கேட்ட ஒன்று உண்டு. ஈசன் உவக்கும் இன்மலர் மூன்று என்பது அதன் பெயர். தோட்டத்து மலர்களை ஒவ்வொன்றாய்ச் சுட்டி, அவை அன்று என்று விலக்கி, உள்ளமும் கைகளும் கண்களுமே இறைவன் வேண்டும் மலர்கள் என்று அச்செய்யுள் முடியும். பள்ளிப் பருவத்தில் அதை நானும் மனனம் செய்து பரிசு பெற்றவன். பொருளை உணர்ந்தது கொழும்பிலே, களிம்பேறிய விளக்கின் முன் இருந்தபோதே. நான் இறைவனுக்கு வைத்தது எண்ணெய் மட்டுமே. மூன்று மலர்களில் ஒன்றையும் வைத்தேன் அல்லேன்.

நரம்பும் எண்ணும்

யாழ் நூலைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அடிகளாரின் சமயமும் விஞ்ஞானமும் ஓரிடத்திலே சந்தித்தது அங்கேதான்.

பழந்தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் என்னும் பெயர்கள் மட்டும் நூல்களில் எஞ்சின. கருவியைக் கண்டார் இலர். அதன் ஒலியைக் கேட்டார் இலர். இலக்கியப் புலவர் பெயரைப் படித்து மேலே சென்றனர். இசைப் புலவர் வீணையோடு அமைந்தனர். அடிகளாரோ தமிழ்ப் பண்டிதருமாய், பௌதிகமும் கணிதமும் பயின்றவருமாய் இருந்தமையால், மறைந்த ஒலியை எண்களிலிருந்து மீட்டெடுக்கலாம் என்று துணிந்தார்.

ஒரு நரம்பை இழுத்துக் கட்டி மீட்டினால் எழும் ஒலியைக் குரல் என்று கொள்வோம். அதே நரம்பை நடுவிலே அழுத்திப் பாதியை மீட்டினால் மேற்குரல் பிறக்கும். மூன்றில் இரண்டு பங்கை மீட்டினால் இளி பிறக்கும். நான்கில் மூன்று பங்கை மீட்டினால் உழை பிறக்கும். இவ்விகிதங்கள் அன்றும் இன்றும் ஒன்றே. சோழன் அவையிலும் நம் ஆய்கூடத்திலும் ஒன்றே. ஆகவே சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் கூறும் குறிப்புகளை இவ்வெண்களோடு வைத்து ஒப்பிட்டு, பாலைகள் ஒன்றிலிருந்து ஒன்று திரியும் முறையை அடிகளார் கணித்தார். யாழின் உறுப்புகளையும், பண்களையும், தேவாரப் பண்ணமைதியையும் தனித்தனி இயல்களாக வகுத்தார். பதினான்கு ஆண்டுகள் இவ்வாராய்ச்சியிலே கழிந்தன. இடையே 1936இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானக் கலைச்சொற்கள் தமிழில் அமைய வழிசெய்தார். இமயத்துக்குச் சென்றார், மாயாவதி ஆச்சிரமத்தில் தங்கிப் பிரபுத்த பாரதம் என்னும் ஆங்கில இதழின் ஆசிரியராய் இருந்தார். எங்கே சென்றபோதும் யாழ்க் கணக்கு உடன் சென்றது.

இது வழிபாடா, ஆராய்ச்சியா? இரண்டையும் பிரிக்கும் கோடு அடிகளாரிடம் இல்லை என்பதே என் துணிவு. விகிதம் பிழைத்தால் ஒலி பிழைக்கும். ஒலி பிழைத்தால் தேவாரம் பிழைக்கும். ஆகையால் கணக்கைச் சரிபார்ப்பதும் அவருக்குப் பூசையின் ஓர் உறுப்பு. ஓர் எண்ணை நேர்மையாகக் கணிப்பவன் கடவுளுக்கு அருகில் நிற்கிறான். கணிக்காமல் கண்ணை மூடிக் கும்பிடுபவன் சற்று அப்பால் நிற்கிறான். நூலகத்திலே யாழ் நூலின் அந்தப் பின்னங்களைக் கண்டபோதுதான் இவ்வுண்மை எனக்குத் தைத்தது. நான் பரீட்சையிலே தவறியது கடவுள் கைவிட்டதனால் அன்று. சமன்பாடுகளை நான் சரிபார்க்கவில்லை. விளக்கேற்றிவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்தபடியே உறங்கிய இரவுகள் எத்தனை என்பதை விளக்கும் அறியும், நானும் அறிவேன்.

இறுதி நாட்கள்

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தோன்றியது. 1943இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் பொறுப்பேற்றார். ஆசிரிய மாணவராய் 19ஆம் வயதில் வந்திறங்கிய நகருக்கு, 51ஆம் வயதில் பேராசிரியராய் வந்தார். அந்நாளில் பல்கலைக்கழகம் பேராதனைக்குச் சென்றிலது. வெள்ளவத்தை ஆச்சிரமமும் கொட்டாஞ்சேனைச் சபையும் அமைந்த இதே நகரிலே இருந்தது. ஆங்கிலமே ஆட்சி செய்த அம்மண்டபங்களிலே, காவியுடையில் ஒருவர் சங்க இலக்கியத்தையும் சேக்சுபியரையும் ஒப்பவைத்துப் பேசக்கூடியவராய் இருந்தார் என்பது அக்கால மாணவருக்குப் பெருங்கல்வி. சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து 1926இலேயே மதங்க சூளாமணி என்னும் நூலை அவர் இயற்றியிருந்தார்.

உடல் நலிந்தது. ஆயினும் யாழ் நூல் நிறைவெய்தியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. 1947ஆம் ஆண்டு சூன் 5, 6ஆம் நாட்களில், சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே நூல் அரங்கேறியது. அடிகளாரின் ஆராய்ச்சிப்படி செய்யப்பெற்ற யாழ்கள் ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டன. இறைவன் திருமுன்னே மீட்டவும்பட்டன. எண்களாய் உறங்கிய ஒலி நரம்பிலே உயிர்த்தெழுந்தது. அதைச் செவியாற் கேட்கும்வரை அவர் உயிர் காத்திருந்தது போலும்! ஏறக்குறைய ஆறு கிழமைகள் கழிந்து, சூலை 19ஆம் நாள், அடிகளார் கொழும்பிலே இறைவனடி சேர்ந்தார். வயது 55. திருவுடல் மட்டக்களப்புக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. பிள்ளைகள் பாடம் படிக்கும் ஓசை கேட்கும் இடம் அது. துறவிக்கு அதனினும் பொருத்தமான சமாதி எங்கே அமையும்?

மீண்டும் விளக்கு

அந்த ஆண்டு நான் மறுபரீட்சைக்குப் படித்தேன். விளக்கை உடனே ஏற்றினேன் என்று எழுதினால் அது பொய்யாகும். முதலில் அட்டவணை ஒன்று எழுதினேன். நாளொன்றுக்கு இத்தனை கணக்குகள் செய்து சரிபார்ப்பது என்று வரையறுத்தேன். ஆச்சியின் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்குச் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக்கொடுத்தேன். அது அடிகளாரைப் பார்த்துச் செய்த ஒரு சிறிய நகல். ஒரு நாள் மாலை, பிள்ளைகள் இருவரும் பின்னத்தைப் புரிந்துகொண்டு சிரித்தபடி சென்ற பின்னர், கை தானாகவே எண்ணெய்ப் போத்தலை நாடியது. வேண்டுதல் எதுவும் மனத்தில் இல்லை. ஆச்சி கதவோரம் வந்து நின்று பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் சென்றார். பரீட்சையில் தேறினேன், ஆனால் தேறாவிடினும் அவ்விளக்கு எரிந்திருக்கும் என்பதை அன்று அறிந்திருந்தேன். அன்னையாரின் காப்புகள் மீட்கப்பட்டது நான் ஆசிரியனாகிய இரண்டாம் ஆண்டிலே.

1983ஆம் ஆண்டு சூலை வன்செயலின்போது கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் தீயையும் புகையையும் கண்டன. நான் இழந்த பொருள்களில் அவ்விளக்கும் ஒன்று. அதன் பின்னர் எத்தனையோ விளக்குகள் வாங்கினேன். களிம்பேறினால் புளியிட்டு நானே துலக்குவேன். அவ்வேளையில் ஆச்சியையும் அடிகளாரையும் ஒருங்கே நினைப்பது வழக்கம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்த மாணவி நெடுநேரம் பேசாதிருந்தாள். விடைத்தாளில் எழுத்து மாறாது என்பதை நானும் ஒப்புக்கொண்டேன் என்று அவள் சுட்டிக்காட்டினாள். ஆம் என்றேன். பிறகு எது மாறும் என்று கேட்டாள். அதை அவளே கண்டறிய வேண்டும் என்று கூறி, யாழ் நூலின் படியொன்றைக் கையிற் கொடுத்தேன்.

அவள் கோயிலுக்குப் போகிறாளா என்று நான் கேட்டதில்லை. ஆயினும் வெள்ளவத்தையில், வாய்க்காலோரத்துக் குடியிருப்பு ஒன்றில், சனிக்கிழமை மாலைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு அவள் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அண்மையிற் கேள்விப்பட்டேன். திருவேட்களம் என்னும் ஊரை அவள் கண்டவள் அல்லள்; எனினும் அங்கே செல்லும் வழியை அறிந்துகொண்டாள் என்று எண்ணுகின்றேன்.